குரங்குக்கும் ஏற்பு வலி வரும்

கறள் பிடித்த ஆணி குத்தினால் ஏற்பு ஊசி போடவேண்டும் என்பது திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆணி, வளவில் கட்டி வளர்க்கும் குரங்கின் பாதத்தில் ஏறினால்? கொஞ்சம் மஞ்சளை அப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குரங்குக்கு ஏற்பு ஊசி என்று சொன்னால் சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் ஏற்பு வலி என்று நாம் சொல்லும் டெட்டனஸ், மனிதரை எப்படிப் பிடிக்கிறதோ அப்படியே குரங்கையும் பிடிக்கும். பிடித்தால் பெரும்பாலும் சாவுதான். இத்தனைக்கும் இதைத் தடுக்கும் மருந்து ஏறக்குறைய நூறு வருடமாகக் கையில் இருக்கிறது.

கோணேசர் கோயிலடியில் தேங்காய்த் துண்டுக்குக் காத்திருக்கும் குரங்குகளைப் பற்றியோ, கன்னியாவில் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடும் கூட்டத்தைப் பற்றியோ இங்கே பேசவரவில்லை. கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் குரங்குகளைப் பற்றித்தான் பேச்சு. மின்கம்பியில் அடிபட்டுத் தாய் செத்தபின் யாரோ இரக்கப்பட்டுத் தூக்கிவந்த குட்டி, மீட்பு நிலையத்துக் கூட்டில் இருப்பவை, மிருகக்காட்சிச்சாலைகளிலும் ஆய்வு நிலையங்களிலும் கூட்டமாக வளர்பவை என்று பல வகை. குரங்கை வீட்டில் வளர்ப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத காரியம். ஆனால் கட்டி வைப்பவர்கள் இருக்கும் வரைக்கும் அதற்கு வரும் நோயையும் பேசித்தான் ஆகவேண்டும். அதிலும் ஏற்பு விஷயத்தில், கட்டி வைப்பதே நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

கறளில் ஒன்றும் இல்லை

முதலில் ஆணியின் பெயரைக் காப்பாற்றிவிடலாம். இந்த நோயைத் தருவது குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பக்றீரியா. அது இருப்பது மண்ணிலும், மாடு, ஆடு, குதிரை போன்றவற்றின் குடலிலும் சாணத்திலும். காலம் சரியில்லாதபோது தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொண்டு வித்தியாக மாறி அப்படியே கிடக்கும். வெயிலும் வறட்சியும் அதை அசைப்பதில்லை. மண்ணுக்குள் வருடக் கணக்கில் உயிரோடு இருக்கும். கொதிநீரில் சில நிமிடம் போட்டாலும் தப்பிவிடும். ஆஸ்பத்திரியில் கத்தி கத்தரிக்கோலை அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசில் கால் மணித்தியாலத்துக்கு மேல் வைப்பது இப்படிப்பட்ட வித்திகளை ஒழிக்கத்தான்.

மாடுகள் ரோட்டின் நடுவில் படுத்திருக்கும், மான்கள் கடைத்தெருவில் மரக்கறிக் கழிவு தேடும் ஊர் நம்முடையது. எந்த வேலியோரத்து மண்ணை அள்ளினாலும் அதில் இந்த வித்தி இருக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நம் காலிலும் ஒட்டியிருக்கும், குரங்கின் கையிலும் ஒட்டியிருக்கும். அப்படியென்றால் எல்லோருக்கும் ஏன் நோய் வருவதில்லை? காற்றுத்தான் காரணம். இந்தப் பக்றீரியாவுக்கு ஒட்சிசன் ஆகாது. இரத்தம் நன்றாக ஓடும் உயிருள்ள சதையில் வித்தி விழுந்தாலும் முளைக்காது. ஆழமான, வாய் சிறுத்த, உள்ளே சதை செத்துப்போன காயம் கிடைத்தால்தான் அது விழித்துப் பெருகும். ஆணிக் காயம் அப்படிப்பட்டது. மேலே ஒரு பொட்டு, உள்ளே ஆழம், இரண்டு நாளில் வாய் மூடிவிடும். கறள் என்பது அந்த ஆணி வெளியில் மண்ணோடு நெடுநாள் கிடந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும். பளபளக்கும் புது ஆணியும் மண்பட்டிருந்தால் போதும், ஈச்சமுள்ளும் போதும்.

1884இல் ஆர்தர் நிக்கோலையர் என்ற ஜெர்மானியர் தோட்டத்து மண்ணை எலி, முயல் போன்றவற்றின் தோலுக்கடியில் செலுத்தி, அவற்றுக்கு ஏற்பு வருவதைக் காட்டினார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தனியே பிரித்தெடுத்தவர் ஜப்பானைச் சேர்ந்த கிட்டசாட்டோ ஷிபசபுரோ, 1889இல். அவர் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. காயத்தின் சீழில் பலவகைப் பக்றீரியாக்கள் கலந்திருந்தன. அதை அவர் சூடாக்கினார். மற்றவை செத்தன, வித்தியாக இருந்தது மட்டும் தப்பியது. அதை ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்த்தார். அதன் பிடிவாதத்தை வைத்தே அதைப் பிடித்துவிட்டார்.

சரி, குரங்குக்கு வருவோம். கட்டி வைத்த குரங்கில் ஆணிக் காயத்தைவிட நான் பயப்படுவது இடுப்புக் கயிற்றுக்கு. குட்டியாக இருக்கும்போது இடுப்பில் ஒரு கயிறோ மெல்லிய சங்கிலியோ கட்டுவார்கள். குட்டி வளரும், கயிறு வளராது. அது மெல்ல மெல்லத் தோலுக்குள் இறங்கும். மேலே மயிர் மூடியிருப்பதால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மயிரை விரலால் விலக்கினால்தான் ஈரமான ஒரு கோடு தெரியும். சில வேளை கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். உள்ளே இரத்த ஓட்டம் நெரிபட்டுச் செத்த சதை, அதன்மேல் சீழ், குரங்கு நாள் முழுக்கப் புழுதியில் உட்கார்ந்து எழும்பியதில் சேர்ந்த மண். குளோஸ்ட்ரிடியத்துக்கு இதைவிட வசதியான இடம் தேடினாலும் கிடைக்காது.

அடுத்தது மின்சாரச் சூடு. கம்பியில் பிடித்த குரங்கு தப்பிவிட்டால் கை விரலிலும் பாதத்திலும் சின்னக் கறுப்பு அடையாளம்தான் தெரியும். மின்சாரம் உள்ளே போன வழியெல்லாம் சதை வெந்திருக்கும். ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்துத்தான் விரல் கறுத்துக் காய்ந்து விழும். தூக்கி வந்தவர்கள் "பால் குடிக்கிறது, ஓடித் திரிகிறது, சுகமாகிவிட்டது" என்று நினைத்திருக்கும் நாட்கள் அவை.

மூன்றாவது கடிகாயம். கூட்டமாக அடைத்து வைத்த இடங்களில் இதுதான் முதல் காரணம். ஆண் குரங்கின் வேட்டைப்பல் நீளமும் கூர்மையும் கொண்டது. அது பதிந்த இடத்தில் தோலில் சின்ன ஓட்டை, உள்ளே தசை கிழிந்து நசிந்திருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் சண்டை கூடும், காயமும் கூடும். பிறந்த குட்டிகளுக்குத் தொப்புள்கொடி வழியாகவும், ஈன்ற தாய்க்குக் கருப்பை வழியாகவும் இது வரலாம்.

நஞ்சு என்ன செய்கிறது

பக்றீரியா காயத்தை விட்டு எங்கும் போவதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு ஒரு நஞ்சைச் செய்கிறது. அந்த நஞ்சு பக்கத்திலுள்ள நரம்பு முனையில் ஏறி, நரம்பின் உள்வழியாகவே முள்ளந்தண்டுக்குப் பயணம் போகிறது. அதனால்தான் காயம் பட்டவுடன் ஒன்றும் தெரிவதில்லை. பொதுவாக 3 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படும். அதற்குள் காயமே ஆறி மறந்துபோயிருக்கும்.

முள்ளந்தண்டில் அது கைவைக்கும் இடம் விசேஷமானது. நீங்கள் கையை மடக்கும்போது முன்தசை சுருங்குகிறது, பின்தசை விட்டுக்கொடுக்கிறது. அப்படி விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கென்றே தனி நரம்புகள் இருக்கின்றன. கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருட்களைச் சிந்தி அவை தசையை அடக்குகின்றன. ஏற்பு நஞ்சு அந்தப் பொருட்கள் வெளியே வராமல் அடைத்துவிடுகிறது. உவர்மலை இறக்கத்தில் வரும் சைக்கிளுக்குப் பிரேக் கம்பி அறுந்தால் என்ன ஆகுமோ அதுதான். மிதிப்பதற்குப் புதிதாக யாரும் வரவில்லை, நிறுத்த ஆளில்லை. சும்மா இருக்கும்போது வருகிற சிறு தூண்டுதலுக்கும் எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும்.

இரண்டு எதிரெதிர்த் தசைகள் ஒன்றாக இறுகினால் பலமுள்ளது வெல்லும். வாயைத் திறக்கும் தசையைவிட மூடும் தசைக்குப் பலம் அதிகம். அதனால் தாடை பூட்டிக்கொள்கிறது. உடம்பை முன்னே வளைக்கும் தசையைவிட முதுகுத் தசைக்குப் பலம் அதிகம், அதனால் உடம்பு பின்பக்கமாக வில்லாக வளைகிறது. முகத்துத் தசைகள் இழுபட்டு, உதடு பின்வாங்கிப் பல் தெரியும். குரங்கு பல்லைக் காட்டினால் கோபம் என்றோ சிரிப்பு என்றோ நினைக்கப் பழகிய நமக்கு இது எளிதில் ஏமாற்றுக் காட்டும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் இறுகிப்போகின்றன. சாவு பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. நினைவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும், வலியும்.

நஞ்சின் அளவு நம்பமுடியாத அளவுக்குச் சிறியது. மனிதரைக் கொல்ல உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 நானோகிராம் போதும்; ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று ஒரு நானோகிராம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு சிறு அளவை உடம்பின் எதிர்ப்புப் படை கவனிப்பதேயில்லை. அதனால் ஏற்பு வந்து பிழைத்த மனிதருக்கோ குரங்குக்கோ அடுத்த முறைக்கான எதிர்ப்பு உண்டாவதில்லை. பிழைத்தவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

எல்லா விலங்குக்கும் இந்த நஞ்சு ஒரே மாதிரி இல்லை. குதிரை, மனிதர், குரங்கு எல்லாம் எளிதில் விழும் பக்கம். நாயும் பூனையும் நன்றாகத் தாங்கும். கோழி போன்ற பறவைகள் இன்னும் தாங்கும். "எங்கள் நாய் எத்தனை தரம் கம்பியில் கீறிக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லிக் குரங்கை விட்டுவிடுவது அதனால்தான் சரிவராது.

கூட்டில் எப்படித் தெரியும்

குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தால் என்ன செய்யும் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நம் ஊர்ச் செம்முகக் குரங்குக்குக் கன்னத்தில் பை இருக்கிறது. முதலில் அதை அடைத்துவிட்டுத்தான் மெல்லவே தொடங்கும். ஏற்பு தொடங்கிய குரங்கும் பழத்தை ஆசையாக வாங்கும். வாயருகே கொண்டுபோகும், பல்லில் வைத்து அழுத்தும், இரண்டு கையாலும் தள்ளிப் பார்க்கும். பழம் நசிந்து மார்பில் வழியும். பிறகு கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். "சாப்பாடு பிடிக்கவில்லை" என்று கொய்யாவை மாற்றிக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நாளைக் கோட்டைவிடுகிறார்கள். பசி இருக்கிறது, வாய் திறக்கவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டால் பாதி நோயைக் கண்டுகொண்ட மாதிரி.

அப்புறம் நடையைப் பாருங்கள். முழங்கால் மடியாமல் விறைத்த காலோடு நடக்கும். மரக்கொப்பில் ஏறத் தயங்கும், ஏறினால் பிடி தவறி விழும். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பும். கதவு அடிபடும் சத்தம், ஆட்டோ ஹோர்ன், திடீரென்று விழும் வெளிச்சம், யாராவது தொடுவது, எதுவும் போதும், முழு உடம்பும் ஒரு தரம் இழுத்துக்கொள்ளும். இப்படி ஒரு குரங்கைக் கண்டால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். கூட்டைச் சாக்கால் மூடி, இருட்டாக்கி, சத்தமில்லாமல் வைத்துவிட்டு உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வைத்தியர் செய்யக்கூடியது இருக்கிறது, ஆனால் அதற்கு எல்லையும் இருக்கிறது. காயத்தைத் தேடித் திறந்து செத்த சதையை வெட்டி எடுப்பார், பக்றீரியாவுக்கு மருந்து கொடுப்பார், தசையைத் தளர்த்த மருந்து கொடுப்பார், நச்சுமுறி மருந்து கிடைத்தால் போடுவார். நச்சுமுறி இன்னும் நரம்புக்குள் போகாத நஞ்சைத்தான் பிடிக்கும். உள்ளே ஒட்டிக்கொண்டதை அதனால் ஒன்றும் செய்யமுடியாது. நரம்பு புதிய முனை விட்டுத் தேறக் கிழமைக் கணக்கில் ஆகும். மனிதருக்கென்றால் அதுவரை இயந்திரத்தில் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றுவார்கள். குரங்குக்கு அந்த வசதி அநேகமாக இல்லை. முற்றிய நிலையில் வேதனையை முடித்துவைப்பதே கருணை என்று வைத்தியர் சொன்னால் அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம்.

ஊசி ஏன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி

இந்த நோய் ஒரு குரங்கிலிருந்து இன்னொரு குரங்குக்குத் தொற்றாது. இது நல்ல செய்தி போலத் தெரியும். இதிலிருந்தே ஒரு சிக்கலும் வருகிறது. சின்னமுத்துப் போன்ற தொற்றுநோயில் ஊரில் பெரும்பாலானோர் ஊசி போட்டிருந்தால், போடாத ஒரு பிள்ளையும் அந்த மறைவில் தப்பிவிடும். நோய் அதனிடம் வந்துசேர ஆள் இருக்காது. ஏற்பு ஆளிடமிருந்து வருவதில்லை, மண்ணிலிருந்து வருகிறது. கூட்டில் முப்பது குரங்குக்கு ஊசி போட்டு ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்று ஊசியே இல்லாத ஊரில் இருப்பதற்குச் சமம். மண்ணைக் கழுவவும் முடியாது, அவிக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு உடம்பையும் தனித்தனியாகத் தயார்படுத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு உலகத்தில் தெளிவான சாட்சி ஒரு தீவு. கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் பக்கத்தில் காயோ சந்தியாகோ என்று ஒரு சின்னத் தீவு. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், நிலாவெளியிலிருந்து நம் புறாத்தீவு இருக்கும் தூரம். 1938இல் கிளாரன்ஸ் கார்பென்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தியாவிலிருந்து சுமார் 400 ரீசஸ் குரங்குகளைக் கப்பலில் கொண்டுபோய் அங்கே விட்டார். கூடு இல்லை, தீவே கூடு. அவற்றின் சந்ததி இன்றும் அங்கே இருக்கிறது. அந்தத் தீவில் பல வருடங்களாகக் குரங்குகளைக் கொன்ற பெரிய நோய்களில் ஒன்று ஏற்பு. சண்டைக் காலத்தில் காயத்தாலும், ஈனும் காலத்தில் தாயும் குட்டியுமாகவும் செத்தன. 1985இலும் 1986இலும் குரங்குகளைப் பிடித்துப் பிடித்து ஏற்புத் தடுப்பூசி போட்டார்கள். அத்தோடு அந்த நோய் அங்கிருந்து மறைந்துபோனது. அதன்பின் பிறந்த குட்டிகளுக்கும் பிடித்து ஊசி போடுவது வழக்கமானது. கவனியுங்கள், அந்தத் தீவின் மண்ணில் எதுவும் மாறவில்லை. குரங்குகள் சண்டையையும் விடவில்லை.

ஊசிக்குள் இருப்பது அதே நஞ்சுதான். போமலினும் சூடும் பட்டு அதன் நஞ்சுத்தன்மை போய், உருவம் மட்டும் மிஞ்சியிருக்கும். உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து எதிர்ப்புப் பொருளைச் செய்து வைத்துக்கொள்ளும். 1920களில் பிரான்சில் காஸ்டன் ரமோன் இந்த வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் தன் வீரர்களுக்கு இதைப் போட்டது. காயத்துக்காகவும் விபத்துக்காகவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 27 இலட்சத்துக்கு மேல், அதில் ஏற்பு கண்டது 12 பேருக்கு. குரங்குக்கும் இதே வகை மருந்துதான் பயன்படுகிறது. ஒரு ஊசி போதாது. முதலாவது அறிமுகம் செய்கிறது, இரண்டாவதுதான் எதிர்ப்பை உயர்த்தி நிலைக்கவைக்கிறது. எந்த வயதில் தொடங்குவது, எத்தனை கிழமை இடைவெளி, அடுத்த ஊக்க ஊசி எப்போது என்பதெல்லாம் மிருக வைத்தியர் முடிவு. ஊசி போட்ட திகதியைக் கூட்டுக் கதவில் எழுதி ஒட்டுவதைவிடக் கொப்பியில் எழுதி வையுங்கள். கதவில் ஒட்டியதைக் குரங்கு ஒரு மணித்தியாலத்தில் கிழித்துவிடும்.

ஈனக்கூடிய பெண் குரங்குக்கு முன்கூட்டியே போட்டால் எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்கும் போகும். நம் தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ஏற்பு ஊசி போடுவதும் இதே காரணத்துக்குத்தான். குட்டிக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்புச் சில மாதம்தான் நிற்கும், பிறகு அதற்கென்று தனி ஊசி வேண்டும்.

ஊசி ஒரு பக்கம் இருக்க, கூட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்து பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை, தகரத்தின் வெட்டு விளிம்பு, பழைய பலகையில் தலைதூக்கிய ஆணி, எல்லாவற்றையும் மடக்குங்கள் அல்லது பிடுங்குங்கள். கூட்டுக்கு அருகில் மாடு கட்ட வேண்டாம். சாப்பாட்டை ஒரே தட்டில் வைக்காமல் நாலைந்து இடத்தில் வைத்தால் சண்டை குறையும். இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். உடனே முடியாதென்றால், குரங்கு பழகியிருக்கும் ஆளைக்கொண்டு கிழமைக்கு ஒரு தரமாவது அதற்கடியில் விரலை விட்டுப் பார்க்கச் செய்யுங்கள். விரல் போகவில்லையென்றால் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இறங்கிய கயிற்றை வீட்டில் இழுத்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

காயம் பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் முதல் மருந்து. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சாம்பல், கோப்பித்தூள், சாணம் எதுவும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். தூளை அப்பி மூடுவது காயத்துக்குள் காற்றுப் போகாமல் அடைக்கும் வேலை, அது யாருக்கு உதவும் என்று இப்போது தெரிந்திருக்கும். ஆழமான காயத்தை இறுக்கிக் கட்டவும் கூடாது.

கடைசியாக, கூடு கழுவுகிற, சாப்பாடு வைக்கிற ஆளின் ஊசியையும் விசாரியுங்கள். இலங்கையில் பிறந்து 2, 4, 6 மாதங்களிலும் 18 மாதத்திலும் 5 வயதிலும் 11 வயதிலும் ஊசி ஒழுங்காகப் போட்டவருக்கு அடித்தளம் நன்றாக இருக்கும். அதன்பின் 10 வருடத்துக்கு ஒரு தரம் ஊக்க ஊசி என்பது பொதுவான கணக்கு. மண்பட்ட ஆழமான காயமென்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே வைத்தியர் ஒன்று போடச் சொல்லலாம். குரங்கு கடித்தால் கால் மணித்தியாலம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஏற்பு ஊசியோடு விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் தேவையா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். கடித்தது நாய் இல்லை, குரங்குதானே என்று அந்த இரண்டாவது ஊசியை விட்டுவிடாதீர்கள். விசர் குரங்குக்கும் வரும்.